நீரோட்டம்

டிசம்பரில் யாகுட்ஸ்க்கின் சூரியன்
பத்து மணிக்கு வேலைக்கு வருகிறது.
மூன்றடிப்பதற்குள் கிளம்பிவிடும்.
நானும் வருவது பத்துக்குத்தான், போவது எட்டுக்கு.
மீதி நேரத்துக்குக் கூரையில் பதினான்கு விளக்குகள்.
அவற்றின் கீழே
உப்புக்கல்லும் ஒரு வினாடி ராணிதான்.

அன்று வந்தவள் பெயர் அய்தலீனா.
இமையில் உறைபனி,
கையில் கலைமான் தோலுறை.
லேனா நதியில் பனிக்கட்டி அறுப்பவள்.
குளிர்காலம் முழுக்கக் குடிக்க
எங்கள் ஆட்கள் நதியைப் பாளம் பாளமாக வாங்குவார்கள்.
"எனக்கே எனக்கு ஒரு மோதிரம்" என்றாள்.
"நவம்பரில் அறுத்த காசு."

கறுப்பு வெல்வெட்டில் இரண்டு கல் வைத்தேன்.
ஒன்று, காரட்டுக்கு ஒரு சென்ட் மேல்.
மற்றது தொண்ணூற்றொரு சென்ட்.
எனக்குக் கமிஷன் எடையில்.
பெரியதை அவள் பக்கம் நகர்த்தி
'முழு காரட்' என்ற சொல்லை
வெண்ணெய்போல் தடவினேன்.

இரண்டையும் ஒட்டிவைத்து
மேலிருந்து பார்த்தாள்.
கல்லுக்குள் நீரோட்டம் பார் என்பார்கள்;
இவள் நதிக்குள் மணல் தேடிப் பழகிய கண்.
"எடை கூட என்கிறாய்,
அகலம் ஒன்றாகத்தானே இருக்கிறது.
மீதி எங்கே?"

மீதி அடியில் இருந்தது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல்
மேகலையில் கொஞ்சம், தொப்பையில் நிறைய.
ஆழம் அறுபத்துநான்கரை சதவீதம்.
பட்டறையில் எவனோ
ஒளியைவிடத் தராசை அதிகம் நேசித்திருக்கிறான்.

இடுக்கியால் எடுத்தாள்.
பதினான்கு விளக்குகளுக்கும் முதுகு காட்டி
கவுண்டருக்குக் கீழே,
என் பூட்ஸ்கள் தூங்கும் இருட்டுக்குள்
கல்லைக் கொண்டுபோனாள்.
யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.
பெரியது நடுவில் கறுத்தது,
அடித்து இறக்கிய ஆணியின் தலைபோல.
சிறியதோ
கிடைத்த சொற்ப வெளிச்சத்தையும்
பாக்கி வைக்காமல் திருப்பித் தந்தது.

அப்புறம்தான் சான்றிதழ் கேட்டாள்.
சிறியதற்கு மேல்சரிவு முப்பத்துநான்கரை பாகை,
கீழ்ச்சரிவு நாற்பதே முக்காலுக்கு ஒரு முடியளவு மேல்.
பெரியதன் கீழ்ச்சரிவு நாற்பத்திரண்டைத் தாண்டியிருந்தது.
"ஒன்றரைப் பாகையில் என்ன வந்துவிடும்?"

பயிற்சியில் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்,
முதல் தடவையாக, விற்பதற்காக அல்லாமல்:
கீழ்ச்சுவர் சரியாகச் சாய்ந்திருந்தால்
நுழைந்த ஒளி எதிர்ச்சுவரில் மோதி
வந்த வழியே மேலேறும்.
செங்குத்தானால் அடிவழி ஒழுகிப்போகும்.
தட்டையானால்
நடுவே ஒரு மீன்கண் விழித்திருக்கும்.

"பனிப்பாளம் மாதிரிதானே" என்றேன், அவளைக் குளிர்விக்க.
"இல்லவே இல்லை.
பாளத்தை உருக்கிக் குடித்துவிடுவார்கள்.
கோணம் யாருக்கு வேண்டும்?"

சிறியதை எடுத்துக்கொண்டாள்.
பேரமும் பேசினாள்.
வெள்ளைத் தங்கத்தில் நாலே கால் வை,
கல்லின் கழுத்தை நெரிக்காதே என்றாள்.
அவள் திறந்த கதவின் வழியே
ஒரு மூட்டை வெண்புகை உள்ளே உருண்டது.

எட்டு மணிக்கு ஒவ்வொன்றாய் விளக்கணைத்தேன்.
பதின்மூன்றோடு நிறுத்தி
என் விரலைக் கவுண்டருக்குக் கீழே நீட்டினேன்.
ப்ரோகோபி போட்டுவிட்டது, ஒன்பது வருடமாகிறது.
முழு காரட் என்று
இன்றைக்கும் விருந்தில் யாரிடமாவது சொல்வான்.

ஆணித்தலை.

எவளோ ஒரு விற்பனைக்காரி
அவன் பக்கம் அதை நகர்த்தியிருப்பாள்.
அவள் குரல்கூட எனக்குத் தெரியும்.

வெளியே மைனஸ் நாற்பத்துநான்கு.
கம்பளிக் கையுறை, அதன்மேல் தோலுறை.
பேருந்து நிறுத்தத்தில் ஏழு பெண்கள் நின்றோம்.
யார் விரலில் எந்தக் கோணமோ,
எல்லாம் உள்ளே, இருட்டில்,
உடம்புச் சூட்டில்.